தோளில் கேன்வாஸ், கையில் செருப்பு

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய தேவராஜ் அண்ணனுக்கு,

செருப்புக்கடை ரகீம் எழுதிக்கொள்வது. அங்கே உங்களை விடியற்காலையில் எழுப்ப யாரும் தேவைப்பட மாட்டார்கள். நீங்கள்தான் விசிலை ஊதி எல்லோரையும் எழுப்பிக்கொண்டிருப்பீர்கள். போன வருஷம் கார்த்திகைத் தீபத்துக்குச் சில நாள் முன்னால் போனீர்கள். இதோ, மறுபடியும் தீபம் வருகிறது. ஊர் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை.

உங்கள் பழைய மாணவர்கள் சிலர் போன மாதம் கடைக்கு வந்தார்கள். எல்லோருக்கும் தொப்பை விழுந்துவிட்டது, நீங்கள் பார்த்தால் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் சிறப்பு மலர் போடுகிறார்களாம். "டிரில் மாஸ்டரோட நல்ல பழக்கங்கள்னு ஒண்ணு எழுதிக் குடுங்க பாய். உடம்பையும் மனசையும் எப்படி வெச்சிக்கணும்னு பசங்களுக்குத் தெரியணும். அவர்கூட ஜாஸ்தி நடந்தது நீங்கதானே?" என்றார்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

உட்கார்ந்து பார்த்தால் வரவில்லை. உங்களைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வது எனக்கு எப்போதுமே வராது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். அவர்கள் இதை அச்சில் போட்டுக்கொள்ளட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஆனால் பேச்சு உங்களோடுதான்.

முதலில் ஊர்ச் சேதி. நம் ஊர் மாவட்டத் தலைநகரம் ஆகிவிட்டது. வேலூருக்குப் பஸ் ஏறி மனுவோடு அலைந்த காலம் முடிந்தது என்கிறார்கள். வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ்கள் வருமாம், இப்போதே மனைக்கல் நட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் இடத்துக்கு வந்திருக்கிற டிரில் மாஸ்டர் மைக்கில் ஒன்று, இரண்டு சொல்கிறார். விசில் இல்லை. சத்தம் என்னவோ என் கடை வரைக்கும் கேட்கிறது, ஆனால் பையன்கள் யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை.

இன்னொரு சேதி. எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது, அண்ணே.

நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் உங்களோடு மலையைச் சுற்றியவனிடம் வந்து நடக்கச் சொல்கிறார். ஆனால் அவர் அதோடு விடவில்லை. "இப்ப நடக்கிறீங்களா?" என்றார். நீங்கள் காலை இழந்த நாளிலிருந்து நான் நடக்கவே இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

என் சபியா மஞ்சள் காமாலையில் போன பிறகுதான் நீங்கள் எனக்கு அண்ணன் ஆனீர்கள். அதற்கு முன்னால் நீங்கள் வெறும் வாடிக்கையாளர். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் கடைக்கு வந்து ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்குவீர்கள். உள்ளங்காலை அமுக்கிப் பார்ப்பீர்கள், குதித்துப் பார்ப்பீர்கள், என் பொறுமையைச் சோதித்துவிட்டுப் போவீர்கள். அவ்வளவுதான் நமக்குள் பழக்கம்.

சபியா போனதும் நான் கடையைச் சாத்திவிட்டுப் படுத்தேன். பெண் நூர்ஜகானை என் அக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சொந்தக்காரர்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள், சோறு வைத்தார்கள். எதுவும் உள்ளே இறங்கவில்லை. வெயில் வருவதும் போவதும் ஜன்னலில் தெரியும். எழுந்து எங்கே போவது, எதற்குப் போவது என்று படுத்தே கிடந்தேன்.

ஒரு நாள் விடியற்காலையில் வாசலில் விசில் சத்தம். தெருவே எழுந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து திட்டுகிறார், நீங்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"பாய், எழுந்திரு. கம்முனு படுத்துக் கெடந்தா உடம்பு மக்கிப் போயிடும். மொகத்தக் கழுவிக்கினு வா."

"எனக்கு முடியல மாஸ்டர். விட்டுடுங்க."

"முடியலன்னா மெதுவா நட. நான் என்ன ரேஸுக்கா கூப்பிடறேன்? நீ வர்ற வரைக்கும் ஊதிக்கினே இருப்பேன். உன் தெருக்காரன் என்னை அடிச்சா அது உன் பொறுப்பு."

வேறு வழியில்லாமல் வந்தேன். உங்களுக்கு என் மேல் அன்று என்ன அக்கறை என்று பிறகு ஒருமுறை கேட்டேன். "ஷூ கிழிஞ்சிடுச்சு, நீ கடையத் தொறக்கல, வேற இன்னா பண்றது?" என்றீர்கள். அந்தப் பதிலை நான் இன்றைக்கும் நம்பவில்லை.

செங்கம் ரோட்டில் நடந்தோம். மலை சுற்றுகிற பாதை பிரிகிற இடம் வந்ததும் நீங்கள் நின்றீர்கள். குனிந்து ஷூவைக் கழற்றினீர்கள். இரண்டு கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு மண்ணில் இறங்கினீர்கள். மலையைச் செருப்போடு சுற்றக் கூடாது என்பது இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நான் வேறு சாமி கும்பிடுகிறவன். எனக்கு அது உடம்புக்காக நடக்கிற ரோடுதான். இருந்தாலும் நீங்கள் வெறுங்காலோடு போகும்போது பக்கத்தில் நான் செருப்புச் சத்தத்தோடு வருவதா? கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா, அண்ணே? இவ்வளவு நாள் கழித்து ஒரு மனுஷனோடு நடக்கிறோம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் நடந்தோம். வார நாட்களில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடுவோம், ஞாயிற்றுக்கிழமை முழுச் சுற்று. நோன்பு மாசத்தில் நான் விடிவதற்கு முன்னால் சஹர் சாப்பிட்டு, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வரும் வரைக்கும் நீங்கள் வெளியே கையைக் காலை நீட்டி மடக்கிக்கொண்டு நிற்பீர்கள். எங்கள் ஆட்கள் முதலில் மூக்கில் விரலை வைத்தார்கள். பிறகு சில பெரியவர்கள் உங்களைப் பார்த்துக் கையைச் சுழற்றத் தொடங்கினார்கள்.

பசங்களுக்காகப் பழக்கங்களைச் சொல்லச் சொன்னார்களே, சொல்லிவிடுகிறேன். எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர். உட்கார்ந்து குடிக்க வேண்டும், அவசரமாகக் குடித்தால் உங்களிடம் திட்டு விழும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், அன்றைக்குப் பகல் தூக்கம் கூடாது. ராத்திரிச் சாப்பாடு கம்மி. வயிற்றில் எப்போதும் கொஞ்சம் இடம் விட்டு எழ வேண்டும். படுக்கப் போகும்போது யார் மேலாவது கோபம் இருந்தால் எழுந்து உட்கார்ந்து அது யார், எதற்கு என்று யோசித்துவிட்டுப் படுக்க வேண்டும். இதையெல்லாம் நீங்கள் சொன்னீர்கள் என்பதைவிட, செய்தீர்கள். நான் பாதிதான் செய்தேன்.

ஆனால் எனக்கு உயிர் கொடுத்தது வேறு ஒரு பழக்கம். அடி அண்ணாமலை வரும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். அது நீங்கள் பிறந்த ஊர். அங்கே உங்கள் அண்ணன் நிலத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை. டீயைக் கையில் வாங்கியதும், "இப்பக் கொட்டு" என்பீர்கள். மனதில் என்ன இருந்தாலும் கொட்டலாம். வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

அங்கேதான் முதல் முதலாக நான் சபியாவுக்காக அழுதேன். அவள் போன அன்றைக்குக்கூட அழாதவன். டீக்கடைக்காரர் பயந்துபோய் இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார். நீங்கள் முதுகில் தட்டவில்லை, சமாதானம் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "மீதி இருந்தா அடுத்த ஞாயித்துக்கெழம கொட்டு" என்றீர்கள். அடுத்த வாரம் நான் கடையைத் திறந்தேன். நூர்ஜகானைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நான் ஒரு மனுஷனாக நடமாடுவது அந்த டீக்கடைப் பெஞ்சினால்தான்.

நீங்களும் அங்கே கொட்டியிருக்கிறீர்கள். அண்ணனோடு நிலத் தகராறு, தலைமையாசிரியரோடு சண்டை, பையன் படிப்பு. உங்களுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் முதலில் என்னிடம் சொன்னது அங்கேதான். டீயை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினீர்கள். "இதையும் நீயே குடி. இனிமே எனக்கு சர்க்கரை போடாததுதான்" என்றீர்கள்.

சர்க்கரை வந்த பிறகு நீங்கள் வாயைக் கட்டியதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. கேழ்வரகுக் களி, பாகற்காய், ஆவாரம்பூக் கஷாயம். ரம்ஜானுக்கு என் அக்கா அனுப்பும் சேமியாவை ஒரு காலத்தில் பாத்திரத்தோடு கேட்பவர், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரை தவறவில்லை, நடை தவறவில்லை. உங்களைப் போல் உடம்பைப் பார்த்துக்கொண்ட சர்க்கரைக்காரர் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டார்.

சில வருஷம் போனது. ஒரு நாள் டீக்கடையில் சந்தோஷமாகச் சொன்னீர்கள்.

"ரகீமு, முன்னெல்லாம் இந்த சரளைக்கல்லு உயிரை எடுக்கும். இப்ப ஒண்ணுமே தெரியல பாரு. பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குது. கால் நல்லா பழகிடுச்சு."

"எனக்கு இன்னும் குத்துதே அண்ணே."

"நீ கடைக்காரன். உக்காந்தே இருக்கிற காலு. என்னுது மைதானத்துல வளந்தது."

இருவரும் சிரித்தோம். இந்த ஊரில் எத்தனையோ கால்களைக் கையில் பிடித்துப் பார்த்தவன் நான். ஆணி விழுந்த கால், வெடித்த கால், வீங்கிய கால் என்று எல்லாம் தெரியும். உணர்ச்சி போன கால் எப்படிப் பேசும் என்பது மட்டும் தெரியவில்லை. எனக்கும் அது நல்ல சேதியாகத்தான் பட்டது. மலை உங்களுக்குக் கொடுத்த பலம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயம், கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினீர்கள். "உள்ள ஏதோ ஈரம் பட்டிருக்குது, இந்த ஜோடி சரியில்ல பாய், மாத்திக் குடு" என்றீர்கள். வெள்ளைத் துணியில் உள்ளே பழுப்பாகக் கறை. உங்கள் காலைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே முள் ஒன்று உடைந்து உள்ளே கிடந்தது. எத்தனை நாள் கிடந்ததோ தெரியாது. சுற்றிலும் சீழ் வைத்துவிட்டது. நான் தொட்டேன், அழுத்தினேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

முதலில் விரல் போனது. அப்புறம் பாதம். வேலூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, முயற்சி பண்ணத்தான் செய்தார்கள். திரும்பி வந்த அன்று கட்டையை ஊன்றிக்கொண்டு நேராக என் கடைக்குத்தான் வந்தீர்கள். "இனிமே எனக்கு ஒத்தச் செருப்புதான். மீதியை எவன் தலையில கட்டப் போற?" என்று சிரித்தீர்கள். கடைக்கு உள்ளே போய் நான் எதையோ தேடுவதுபோல் நின்றேன்.

அதற்குப் பிறகு நீங்கள் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. வீட்டுக்கு வருவேன். நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மரகதம் அண்ணி கையில் காப்பியைக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார். உங்கள் விசில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று ஊதினேன். நீங்கள் எனக்குச் செய்ததை உங்களுக்குச் செய்து பார்த்தேன். நீங்கள் கொஞ்சம் சிரித்தீர்கள். "கொட்டுங்க அண்ணே" என்றேன்.

"நடந்தாத்தான் பாய் எனக்குப் பேச்சே வரும்" என்றீர்கள்.

அப்போதுதான் ரிக்‌ஷா யோசனை வந்தது. மனசு கேட்கவில்லை, எப்படியாவது உங்களை அந்தப் பெஞ்சு வரைக்கும் கொண்டுபோய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை உங்களைத் தூக்கி ரிக்‌ஷாவில் உட்காரவைத்துப் பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன். செங்கம் ரோட்டில் பாதை பிரிகிற இடம் வந்தது. பழக்கம்தானே, வண்டியில் உட்கார்ந்தபடியே குனிந்து என் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் அதைப் பார்த்தீர்கள். சிரிக்கத் தொடங்கினீர்கள். சிரிப்பு நிற்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கு அண்ணே இப்படிச் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. உன்னை மாதிரி ஆளு ஊருல கம்மி, அதான்."

அடி அண்ணாமலை வந்தது. டீ வந்தது. நீங்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "ரகீமு, ஒண்ணு சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தீர்கள். நான் காத்திருந்தேன். பிறகு, "டீ ஆறிடப்போவுது, குடி" என்றீர்கள். அதுதான் நாம் ஒன்றாக அங்கே உட்கார்ந்த கடைசி நாள். சில மாதத்தில் நெஞ்சு வலி வந்து போய்விட்டீர்கள்.

நீங்கள் சொல்லாமல் விட்டது என்ன என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

மலருக்காக அண்ணியிடம் கேட்கப் போனேன். எனக்குத் தெரியாத பழக்கம் ஏதாவது இருந்தால் சொல்லட்டும் என்று. அவர் உங்கள் கேன்வாஸ் ஷூவைக் காட்டினார். ஒன்று தேய்ந்தது, இன்னொன்றும் அதே அளவு தேய்ந்தது. கால் போன பிறகும் இரண்டுக்கும் வெள்ளை பாலிஷ் போட்டு வைத்திருந்தீர்களாமே. எனக்கும் சர்க்கரை என்றேன். அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, நான் சொல்றேன்னு மனசு ஒடஞ்சி போவாதீங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. ஆனா இனிமே சொல்லாம இருந்தா தப்பு."

கால் மரத்துப் போனதை நீங்கள் டாக்டரிடமும் அதே சந்தோஷத்தோடு சொல்லியிருக்கிறீர்கள். அவர் பதறிப்போய்விட்டாராம். வெறுங்காலோடு வாசலுக்குக்கூட இறங்கக் கூடாது, மலைக்கும் சேர்த்துத்தான் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வீட்டுக்கு வந்து யோசித்திருக்கிறீர்கள். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது, கால் இருந்தால்தானே சுற்றுவதற்கு, நாளையிலிருந்து ஷூவோடு நடக்கிறேன் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறீர்கள். சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறீர்கள்.

"அப்புறம் ஏன் போடல அண்ணி?" என்றேன்.

"திரும்பி வந்தவரை நானும் அதேதான் கேட்டேன். 'அந்தத் திருப்பம் வந்துச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பாயி குனிஞ்சு செருப்பைக் கழட்டிட்டான். அவன் சாமியா அது? எனக்காகத்தானே இத்தனை வருஷமா கையில தூக்கிக்கினு வரான்? அவன் மதிக்கும்போது அவன் முன்னால நான் ஷூவோட எப்படி நிக்கிறது?'ன்னாரு. நாளைக்குப் போட்டுக்கறேன், நாளைக்குப் போட்டுக்கறேன்னே போச்சு, தம்பி."

அண்ணே, எனக்கு ஞாபகம் வந்தது. முதல் நாள் நீங்கள்தான் முதலில் குனிந்தீர்கள். ஆனால் வருஷம் போகப் போக நான் முந்திக்கொள்ள ஆரம்பித்தேன். உங்களுக்கு முன்னால் கழற்றுவது ஒரு மரியாதை என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட பழக்கம். அந்த மழைக் காலத்தில் சில நாள் நீங்கள் அந்தத் திருப்பத்தில் கொஞ்சம் நின்று, கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தீர்கள். முதுகு பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். "குனிய முடியலையா அண்ணே, நான் கழட்டி விடவா?" என்றுகூடக் கேட்டேன். கேட்டேனே!

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? உங்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடியில் மெத்தென்று ஸ்பாஞ்ச் வைத்து ஒரு செருப்பு தைத்துக் கொடுத்தால் என்ன என்று. சொல்ல வாய் வரவில்லை. நானோ ஒரு பாய், அதுவும் செருப்புக்கடைக்காரன். மலையைச் சுற்றும்போது செருப்பைப் போடுங்கள் என்று நான் சொன்னால் நன்றாகவா இருக்கும்? நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். ஆனாலும் சொல்லக் கூடாத இடம் என்று ஒதுங்கி நின்றேன்.

அந்தப் பெஞ்சில் நாம் எதைத்தான் பேசவில்லை? என் பெண்டாட்டி சாவைப் பேசினோம், உங்கள் அண்ணன் போட்ட வழக்கைப் பேசினோம், உங்கள் மூல வியாதியைப் பற்றிக்கூடப் பேசினோம். இதை மட்டும் பேசவில்லை. தோளில் ஷூவைத் தொங்கவிட்டுக்கொண்டு நீங்கள், கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு நான். இரண்டு பேரும் அதைச் சுமந்துகொண்டு முள்ளில் நடந்திருக்கிறோம். ரிக்‌ஷாவில் நீங்கள் ஏன் அப்படிச் சிரித்தீர்கள் என்று இப்போது புரிகிறது. கால் போன பிறகும் என்னிடம் சொல்லவில்லையே அண்ணே, என் மனசு உடையும் என்று. உங்கள் மேல் எனக்குக் கோபம். நீங்கள் சொன்னபடி எழுந்து உட்கார்ந்து அது யார் மேல், எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். கோபம் போகவில்லை. உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி என்று பிரிந்ததுதான் மிச்சம்.

நேற்றுக் காலையில் நான் கிளம்பினேன். நூர்ஜகான் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். "அத்தா, செருப்பைக் கழட்டினா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்று வாசலில் நின்று மிரட்டி அனுப்பினாள். செங்கம் ரோட்டைத் தாண்டி அந்தத் திருப்பத்துக்கு வந்ததும் என் உடம்பு தானாகக் குனிந்தது. வார் வரைக்கும் கை போய்விட்டது. பிடித்து நிறுத்திக்கொண்டு நிமிர்ந்தேன். செருப்போடு மண்ணில் காலை வைத்தேன். அந்தச் சத்தம் எனக்கு நாராசமாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில் நம் நடேசன் போய்க்கொண்டிருந்தார். கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர், உங்களுக்குத் தெரியும். வெறுங்கால். கையில் ஒரு மஞ்சள் பை. என் காலைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா பாய், செருப்போட?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "சர்க்கரைங்க. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு" என்றேன்.

அவர் முன்னும் பின்னும் பார்த்தார். "எனக்கும்தான் சொன்னாரு, ஆறு மாசம் ஆவுது. யாரும் போடலையே, நாம மட்டும் எப்படிப் போடறதுன்னு இதுலயே வெச்சிக்கினு சுத்தறேன்" என்று பையைக் காட்டினார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "நீங்க போட்டிருக்கீங்களே, அப்ப நானும் போட்டுக்கவா?" என்றார்.

"போட்டுக்கங்க" என்றேன்.

பையிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே போட்டார். காலை நுழைத்துக்கொண்டார். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நடந்துவிட்டார்.

அவ்வளவுதான், அண்ணே. இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

எனக்கு அதற்கு மேல் நடக்க முடியவில்லை. ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அடி அண்ணாமலை வருவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டேன், உங்கள் சட்டத்தை மீறி. போகிறவர்கள் பார்த்தார்கள். ஒரு பாய் செருப்பைப் போட்டுக்கொண்டு மலைப் பாதையில் உட்கார்ந்து அழுவதை அவர்கள் என்னவென்று நினைத்தார்களோ.

மலர் போடுகிற பசங்களுக்கு ஒரு வார்த்தை. மாஸ்டரின் பழக்கங்கள் எல்லாம் நல்ல பழக்கங்கள்தான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கூட நடக்கிறவனிடம் சொல்ல வேண்டியதை அந்தத் திருப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அவன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டான்.

நாளைக் காலையில் நான் மறுபடியும் போகிறேன், அண்ணே. அந்தத் திருப்பத்தில் குனிய மாட்டேன். செருப்போடு நடந்து பெஞ்சு வரைக்கும் போய், இரண்டு டீ வாங்கி, உங்களுடையது சர்க்கரை போடாததாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மீதியைக் கொட்டிவிட்டு வருவேன். தீபம் முடிந்ததும் உங்கள் அளவுக்கு ஸ்பாஞ்ச் வைத்து ஒரு ஜோடி தைக்கப் போகிறேன். இரண்டு காலுக்கும் தைப்பேன். சர்க்கரைக்காரர் யாராவது வெறுங்காலோடு கடை வாசலைத் தாண்டினால் கூப்பிட்டு அதை மாட்டிவிடுவேன். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, போடச் சொல்லியே தீருவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

முந்திக்கொண்டு குனிந்த,
உங்கள் தம்பி
ரகீம்